பால் தங்காத பச்சிளம் வயிறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் பால் இறங்கும் வாய்க்கு பைலோரஸ் என்று பெயர். அந்த வாய் அடைபட்டே பிறக்கும் குழந்தைகள் உண்டு. பிறந்து சில வாரத்தில் அடைபடும் குழந்தைகளும் உண்டு. இரண்டையும் பற்றி வந்த கேள்விகளுக்குக் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர்கள் தரும் பதில்கள் இவை.

கேள்வி: பேரன் பிறந்து 4 வாரம் ஆகிறது. மூன்று நாளாகப் பால் குடித்த கால் மணி நேரத்தில் அத்தனையையும் பீய்ச்சி அடிக்கிறான். "கக்குற பிள்ளை தக்கும்" என்று நான் தைரியம் சொல்கிறேன். மருமகளோ பயந்துபோய் இருக்கிறாள். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். மருமகளின் பயம் நியாயமானது. இன்றே மருத்துவமனையில் காட்டுங்கள். நீங்கள் சொல்லும் பழமொழி வேறு குழந்தைக்குப் பொருந்தும். குடித்த பாலில் ஒரு வாய் கடைவாயில் வழியும், ஏப்பத்தோடு கொஞ்சம் வெளியே வரும், ஆனால் எடை மட்டும் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் வரை ஏறிக்கொண்டே இருக்கும். அந்தக் குழந்தைக்கு ஒன்றுமில்லை.

அதுவரை நன்றாகக் குடித்து வளர்ந்த குழந்தை, பெரும்பாலும் 3 முதல் 6 வாரத்துக்குள், நாளுக்கு நாள் அதிக வேகத்தோடு வாந்தி எடுத்தால் பைலோரஸ் தசை தடித்துப் பாதையை நெருக்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இதற்கு பைலோரிக் ஸ்டெனோசிஸ் என்று பெயர். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 4 மடங்கு அதிகமாக வருகிறது. அதிலும் தலைச்சன் பிள்ளைகளுக்கு அதிகம்.

இதன் தனி அடையாளம் பசி. கிருமித் தொற்றால் வாந்தி எடுக்கும் குழந்தை துவண்டு போய் பாலை மறுக்கும். இந்தக் குழந்தையோ வாந்தி எடுத்த கையோடு மறுபடியும் பாலுக்கு அழும், கொடுத்தால் ஆவலோடு குடிக்கும், பிறகு அதையும் வெளியே தள்ளும். பால் குடிக்கும்போது சட்டையை விலக்கி, நல்ல வெளிச்சத்தில் மேல்வயிற்றைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். குழந்தையின் இடது விலா எலும்பின் கீழிருந்து வலப்பக்கமாகத் தோலுக்கு அடியில் ஓர் அலை மெதுவாக உருண்டு போவது தெரியலாம். அடைப்பைத் தள்ளித் திறக்க இரைப்பை போராடுவதுதான் அந்த அலை.

மருத்துவரிடம் சொல்ல மூன்று விவரங்களைக் குறித்து வையுங்கள்: நேற்றிலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தான், கடைசியாக எடுத்த எடை எவ்வளவு, வாந்தி என்ன நிறம். நிறம்தான் முக்கியம். பைலோரஸ் அடைபட்டால் வாந்தி பாலாகவோ தயிராகவோ வரும். இரைப்பையின் உட்தோல் புண்ணாகியிருந்தால் பழுப்புக் கீற்றுகள் இருக்கும். பித்தநீர் பைலோரஸுக்குக் கீழேதான் குடலில் சேருகிறது என்பதால் இந்த நோயில் பச்சை வராது. பச்சிளம் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் அடைப்பு இன்னும் கீழே இருக்கிறது. குடல் முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நிற்கும் நிலையாகவும் அது இருக்கலாம். அப்போது விடியட்டும் என்று இருக்கக் கூடாது, எந்த நேரமானாலும் உடனே கிளம்ப வேண்டும். சில மணி நேரத் தாமதத்தில் குடலையே இழக்க நேரிடும்.

கேள்வி: எனக்கு 8-ஆம் மாதம். ஸ்கேனில் பனிக்குட நீர் அதிகமாகவும் குழந்தையின் இரைப்பை பெரிதாகவும் இருக்கிறது, பைலோரிக் அட்ரீசியாவாக இருக்கலாம் என்கிறார்கள். இதுவும் தசை தடிக்கும் நோயும் ஒன்றா?

இல்லை. தசை தடிப்பது பிறந்த பிறகு உருவாவது. அட்ரீசியா கருவிலேயே பாதை உருவாகாமல் போவது. ஏறத்தாழ 1 லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்குத்தான் வரும், அவ்வளவு அரிது. குழந்தை விழுங்கும் பனிக்குட நீர் குடலுக்குள் இறங்கி உறிஞ்சப்பட வழியில்லாததால்தான் கருப்பையில் நீர் கூடுகிறது. இதனால் குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பு அதிகம். எனவே பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவரும் ஒரே இடத்தில் உள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

பிறந்த முதல் நாளிலேயே பித்தநீர் கலக்காத வாந்தி வரும், மேல்வயிறு மட்டும் உப்பும், அடிவயிறு ஒட்டியிருக்கும். பால் கொடுக்கக் கூடாது. 8 அல்லது 10 பிரெஞ்ச் அளவுக் குழாயை இரைப்பைக்குள் விட்டு, தேங்கிய நீரை உடனே உறிஞ்சி, குழாயை அப்படியே திறந்து வைக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது: வெளியேற வழியில்லாமல் விரிந்துகொண்டே போகும் இரைப்பை கிழிந்துவிடும் ஆபத்து உண்டு, நுரையீரலுக்குள் வாந்தி ஏறும் ஆபத்தும் உண்டு.

நோயை உறுதிசெய்ய ஒரு சாதாரண எக்ஸ்ரே பெரும்பாலும் போதும். இரைப்பையில் ஒரே ஒரு பெரிய காற்றுக்குமிழி தெரியும், அதற்குக் கீழே வயிறு முழுக்கக் காற்றே இருக்காது. இரண்டு குமிழிகள் தெரிந்தால் அடைப்பு சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தில். குழாய் வழியாக எல்லாவற்றையும் உறிஞ்சிய பிறகு படம் எடுத்தால் குமிழியே தெரியாமல் ஏமாற்றும். அப்போது கொஞ்சம் காற்றைக் குழாய் வழியாக மெதுவாகச் செலுத்தி எடுக்க வேண்டும்.

அட்ரீசியாவில் மூன்று வகை உண்டு. பாதைக்குக் குறுக்கே மெல்லிய சவ்வு மட்டும் இருப்பது ஒன்று. சவ்வை வெட்டியெடுத்து, அந்த இடத்தை நீளவாக்கில் திறந்து குறுக்குவாக்கில் தைத்து அகலமாக்குவார்கள். பாதைக்குப் பதில் கெட்டியான தசைநார் இருப்பது இன்னொன்று. இரைப்பையும் குடலும் தனித்தனியாகப் பிரிந்தே கிடப்பது மூன்றாவது. இதில் இரைப்பையின் முனையை டியோடினத்தோடு நேரடியாக இணைப்பார்கள். இரைப்பையை, டியோடினத்துக்கும் கீழே உள்ள சிறுகுடல் பகுதியான ஜெஜுனத்தோடு இணைத்துவிடுவது எளிது என்று தோன்றும். ஆனால் இரைப்பை அமிலம் அந்த இணைப்பில் புண்ணை உண்டாக்கும் என்பதால் வேறு வழி இருக்கும்போது அதைச் செய்வதில்லை.

சவ்வு வகையில்தான் அறுவை சிகிச்சை மருத்துவர்கள் தவற வாய்ப்பு அதிகம். மேலிருந்து வரும் அழுத்தத்தால் சவ்வு கீழ்நோக்கிப் பை போலத் தொங்கும். வெளியே இருந்து பார்த்தால் அடைப்பு தொங்கும் நுனியில் இருப்பதாகத் தோன்றும். சவ்வின் வேர் அதற்கு மேலே இருக்கும். எனவே இரைப்பைக்குள் குழாயைத் தள்ளி, சவ்வு எந்த இடத்தில் சுவரோடு ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகே வெட்ட வேண்டும். முடிப்பதற்கு முன் கீழ்க்குடலுக்குள் மெல்லிய குழாய் விட்டு சலைன் என்ற உப்புநீரைச் செலுத்தி, இன்னோர் அடைப்பு இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்றைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இந்த அட்ரீசியாவோடு சில குழந்தைகளுக்கு எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற தோல் நோயும் சேர்ந்து வரும். ஐடிஜிஏ6, ஐடிஜிபி4 என்ற மரபணுக்களின் குறையால், லேசாக உரசினாலே தோல் கொப்புளமாகி உரியும். குழந்தை பிறந்ததும் தோலில் கொப்புளமோ உரிந்த இடமோ இருந்தால் சாதாரண பிளாஸ்டரை ஒட்டவே கூடாது; எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். சிலிக்கோன் பூச்சுள்ள ஒட்டுகளையே பயன்படுத்த வேண்டும். ஊசிக் குழாயையும் ஒட்டாத துணிச்சுருளால் கட்ட வேண்டும். தோல் நோய் இல்லாமல் அட்ரீசியா மட்டும் இருந்தால் அறுவை சிகிச்சைக்குப் பின் குழந்தை மிக நன்றாகவே வளரும். இரண்டும் சேர்ந்தால் நிலைமை கடினமானது: தோல் வழியாக ஏறும் கிருமித் தொற்றுதான் உயிருக்கு ஆபத்து. இதை மருத்துவர்கள் பெற்றோரிடம் மறைக்கக் கூடாது. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒவ்வொரு அடுத்த கருவுக்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு என்பதால் மரபணு ஆலோசனை அவசியம்.

கேள்வி: 3 வாரக் குழந்தைக்கு ஸ்கேன் எடுத்ததில் தசைத் தடிமன் 2.8 மி.மீ. என்று வந்தது. "இரண்டு நாள் கழித்து மறுபடி எடுப்போம்" என்கிறார் டாக்டர். ஒரே ஸ்கேனில் சொல்ல முடியாதா?

பல குழந்தைகளுக்குச் சொல்லிவிடலாம். உங்கள் குழந்தைக்கு முடியாது. தசைச் சுவர் ஒருபுறம் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்து, பாதையின் நீளம் 15 மி.மீ.க்கு மேல் இருந்தால் பைலோரிக் ஸ்டெனோசிஸ் என்று கொள்வது வழக்கம். 2.8 எல்லையில் நிற்கிறது. இந்த வயதில் தசை நாளுக்கு நாள் தடிக்கக்கூடியது. குறைமாதக் குழந்தையாக இருந்தால் 3-ஐத் தொடாமலேயே அடைப்பும் ஏற்படலாம். இன்னொரு பக்கம், தசை தற்காலிகமாகச் சுருங்கினாலும் அந்த அளவு வரும். அது சில நிமிடத்தில் தானாகத் தளர்ந்து பால் இறங்கிவிடும். அதனால்தான் நல்ல ஸ்கேன் மருத்துவர் ஓர் அளவு எடுத்துவிட்டு எழுந்துவிட மாட்டார். குழந்தையை வலப்பக்கமாகச் சாய்த்து, கொஞ்சம் திரவம் கொடுத்து, அந்த வாய் திறக்கிறதா என்று 10 நிமிடமாவது பார்த்துக்கொண்டிருப்பார். எண்ணைவிட அந்தக் காத்திருப்புக்கு மதிப்பு அதிகம் என்பது எங்கள் கருத்து.

தசையைச் சாய்வாக வெட்டிய கோணத்தில் அளந்தால் இல்லாத தடிப்பு தெரியும். இரைப்பை நிறைய பால் இருந்தால் பைலோரஸ் பின்பக்கம் திரும்பி ஒளிந்துகொள்ளும். இந்த இரண்டும்தான் ஸ்கேன் தவறுவதற்குப் பொதுவான காரணங்கள்.

இரண்டு நாள் காத்திருப்பதில் ஒரு நிபந்தனை உண்டு: குழந்தை நீர்வற்றாமல் இருக்க வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ உச்சிக்குழி உள்வாங்கினாலோ இரண்டாவது ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் போய்விடுங்கள்.

கேள்வி: பைலோரிக் ஸ்டெனோசிஸ் என்று உறுதியாகிவிட்டது. ஆனாலும் ஒன்றரை நாளாக டிரிப்ஸ் மட்டும் ஏற்றுகிறார்கள், ஆபரேஷன் செய்யவில்லை. குழந்தை பசியில் கதறுகிறது. அலட்சியமா இது?

அலட்சியம் இல்லை, அவசரப்பட்டிருந்தால்தான் அலட்சியம். இந்த நோயில் குழந்தையின் உயிருக்கு உடனடி ஆபத்து அடைபட்ட தசையால் வருவதல்ல, வாந்தியில் போன உப்புகளால் வருவது.

இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. நாள்கணக்கில் வாந்தி எடுக்கும் குழந்தை அமிலத்தையும் குளோரைடையும் இழந்துகொண்டே இருக்கும்; இரத்தம் காரத்தன்மை அடையும், பைகார்பனேட் ஏறும். முதலில் சிறுநீரகம் அந்தக் கூடுதல் பைகார்பனேட்டை வெளியேற்றிச் சமாளிக்கும். நீர் வற்ற வற்ற, சோடியத்தைப் பிடித்துவைப்பதே அதற்கு முதல் வேலையாகிவிடும். அதற்கு விலையாகப் பொட்டாசியத்தையும் அமிலத்தையும் சிறுநீரில் விடும். இரத்தம் காரமாக இருக்கும்போதே சிறுநீர் அமிலமாகப் போகும் என்றால் குழந்தை மிகவும் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

இந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? மூச்சு விடச் சொல்லி மூளையைத் தூண்டுவது இரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் உள்ள அமிலத்தன்மை. அது குறைந்திருக்கும்போது, ஆபரேஷன் நன்றாக முடிந்த பிறகும் குழந்தை மூச்சு விட மறந்து நின்றுவிடலாம். பொட்டாசியக் குறைவால் இதயத் துடிப்பும் தடுமாறலாம். எனவே குளோரைடு 100 மில்லிமோலுக்கு மேல் ஏறி, பைகார்பனேட் 30-க்குக் கீழ் இறங்கி, பொட்டாசியம் 3.5-ஐத் தாண்டிய பிறகே மயக்க மருந்து மருத்துவர் சம்மதிப்பார். பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம் ஆகும். மிகவும் வற்றிய குழந்தைக்கு இன்னும் கூடும். பசியில் அழும் குழந்தைக்குச் சூப்பானும் மடியும்தான் ஆறுதல். பரிதாபப்பட்டு யாரும் ரகசியமாகப் பால் புகட்டிவிடாதீர்கள்.

கேள்வி: நான் குழந்தைகள் வார்டில் செவிலியர். இந்தக் குழந்தைகளுக்கு எந்தத் திரவம், எவ்வளவு என்று விளக்க முடியுமா?

3.5 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். இறுதி உத்தரவு மருத்துவருடையது; கணக்கு இப்படிப் போகும். நன்றாக வற்றியிருந்தால் முதலில் நார்மல் சலைன் கிலோவுக்கு 20 மி.லி. வீதம், அதாவது 70 மி.லி. பிறகு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சலைன், நாளுக்குக் கிலோவுக்கு 150 மி.லி. வீதம் 525 மி.லி.; மணிக்குச் சுமார் 22 மி.லி. சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 1 மி.லி. வீதம் வரத் தொடங்கிய பிறகு, லிட்டருக்கு 20 மில்லிமோல் கணக்கில் பொட்டாசியம் குளோரைடு. 15 சதவீத ஆம்பூலில் மி.லி.க்கு 2 மில்லிமோல் இருக்கும். ஆக 500 மி.லி. பாட்டிலுக்கு 5 மி.லி. கலந்ததும் பாட்டிலைப் பலமுறை தலைகீழாகத் திருப்பிக் கலக்குங்கள். இல்லாவிட்டால் பொட்டாசியம் அடியில் தங்கி முதலிலேயே மொத்தமாக இறங்கும். பொட்டாசியத்தை நேரடியாக ஊசியில் செலுத்துவது உயிரைப் பறிக்கும்.

ரிங்கர் லாக்டேட் வேண்டாம். லாக்டேட் கல்லீரலில் பைகார்பனேட்டாக மாறும், ஏற்கெனவே கூடியதை மேலும் கூட்டும். இந்தக் குழந்தைக்குத் தேவை குளோரைடு.

இரைப்பைக் குழாய் போட்டிருந்தால் வெளியேறும் அளவை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, அதே அளவு சலைனைப் பொட்டாசியத்தோடு தனியாக ஈடுகட்ட வேண்டும். இரத்தப் பரிசோதனை 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. குதிகாலைப் பிழிந்து எடுத்த இரத்தத்தில் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து தெரியும். அந்த எண்ணை நம்பிப் பொட்டாசியத்தை நிறுத்திவிட்டால் ஒரு நாள் வீணாகும்.

கேள்வி: ஆபரேஷனில் என்ன செய்வார்கள்? வெட்டிய தசையைத் தைக்க மாட்டார்கள் என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

தைக்காமல் விடுவதுதான் சிகிச்சை. ஜெர்மன் மருத்துவர் கொன்ராட் ராம்ஸ்டெட் 1912-இல் வெளியிட்ட முறை இது. அதற்கு முன் தசையைப் பிளந்து குறுக்காகத் தைத்தார்கள். தடித்த தசையில் தையல் நிற்காமல் அறுந்ததைக் கண்ட அவர், பிளவைத் திறந்தபடியே விட்டார்; குழந்தை பிழைத்தது. இன்றும் செய்வது அதையேதான்.

மயக்கம் கொடுக்கும் முன், குழந்தையை மல்லாத்தியும் இரு பக்கமும் திருப்பியும் இரைப்பையை முழுக்க உறிஞ்சுவார்கள். தொப்புளுக்கு மேல் சிறு கீறல் வழியாகவோ லேப்ராஸ்கோப்பி மூலமோ பைலோரஸை அடைவார்கள். ஆள்காட்டி விரலின் மேல் கணுவளவு வெளிறிய கட்டியாக அது இருக்கும். அதன் மேல் இரத்தக் குழாய் குறைந்த பக்கத்தில் சுமார் 2 செ.மீ. நீளத்துக்கு மேலாகக் கீறி, விரிக்கும் கருவியால் தசையை இரண்டாகப் பிளப்பார்கள். உள்ளே இருக்கும் சளிச்சவ்வு பிளவின் வழியாகப் புடைத்து வெளியே வரும். இரண்டு தசை விளிம்புகளும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே அசையும். பிளவு முழுமையானதற்கு அதுதான் சான்று. பிறகு குழாய் வழியாக இரைப்பைக்குள் காற்றைச் செலுத்திக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

தவறு நேர்வது இரண்டு முனைகளிலும். டியோடினம் பக்கத்தில் தசை சட்டென்று முடிந்து சவ்வு மேலெழும் இடத்தில் ஓட்டை விழலாம். மேசையிலேயே கண்டு தைத்துவிட்டால் பாலைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுப்பதைத் தவிரப் பெரிய பாதிப்பு இல்லை. காணாமல் மூடிவிட்டால் மறுநாள் காய்ச்சல், வயிற்று உப்பல், இதய வேகம் எல்லாம் ஏறும். இரைப்பைப் பக்கத்திலோ, பயந்து குறைவாகப் பிளந்தால் அடைப்பு மிச்சமாகும். மறு ஆபரேஷன் தேவைப்படும். தேர்ந்த கைகளில் இரண்டும் அரிது.

கேள்வி: மருந்தாலேயே குணமாகாதா?

அட்ரீசியாவில் வாய்ப்பே இல்லை. தசை தடிப்புக்கு அட்ரோபின் உண்டு. ஜப்பானில் இதை நிறையப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிலோவுக்கு 0.01 மி.கி. வீதம் நாளுக்கு 6 முறை, பால் கொடுப்பதற்குச் சற்று முன் நரம்பு வழியாக. பிறகு வாரக்கணக்கில் வாய் வழியாக. பல குழந்தைகளுக்குப் பலிக்கிறது, ஆனால் மருத்துவமனையில் நாள்கள் நீளும், கடைசியில் சிலருக்கு ஆபரேஷனும் தேவைப்படும். மயக்க மருந்தைத் தாங்க முடியாத குழந்தைக்கு இது நல்ல மாற்று. மற்றவர்களுக்கு ஆபரேஷனையே நாங்கள் சொல்வோம்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து 6 மணி நேரத்தில் தாய்ப்பால் கொடுக்கச் சொன்னார்கள். மறுபடியும் வாந்தி எடுத்துவிட்டான். ஆபரேஷன் தோற்றுவிட்டதா?

இல்லை. நாள்கணக்கில் போராடிய இரைப்பை வீங்கியிருக்கும். முதல் ஒன்றிரண்டு நாளில் சில முறை வாந்தி வருவது சகஜம். ஒரு வேளை எடுத்தால் அடுத்த வேளைக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துத் தொடருங்கள், நிறுத்த வேண்டாம். முதல் 24 மணி நேரம் மூச்சைக் கவனிக்கும் கருவியைக் கழற்ற விடாதீர்கள். பால் தங்குவதற்குள் டிரிப்ஸைச் சட்டென்று நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை இறங்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு மேலும் முன்போலவே பீய்ச்சி அடித்தால்தான் பிளவு போதவில்லையா என்று ஆராய வேண்டும். அதற்கு ஸ்கேன் உதவாது. நன்றாகப் பிளந்த தசையும் பல வாரத்துக்குத் தடித்தே தெரியும். எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைக் குடிக்க வைத்துப் படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அட்ரீசியாவுக்குச் செய்தது வேறு வகை: அங்கே தையல் உண்டு. அது ஆறி, இரைப்பைக் குழாயில் வரும் நீர் குறையும் வரை சில நாள் பொறுத்தே பால் தொடங்குவார்கள். அதுவரை நரம்பு வழிச் சத்து.

கேள்வி: நான் சாப்பிட்டது எதுவும் காரணமா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

நீங்கள் சாப்பிட்ட எதுவும் இதற்குக் காரணமில்லை. அந்தக் குற்றவுணர்வை விட்டுவிடுங்கள். தெரிந்த காரணங்களில் ஒன்று, பிறந்த முதல் 2 வாரத்தில் குழந்தைக்குக் கொடுக்கப்படும் எரித்ரோமைசின். அசித்ரோமைசினும் அப்படியே. கக்குவான் தொற்றுக்கு அவை தேவைப்பட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்த பிறகு சில வாரம் வாந்தியைக் கவனித்தால் போதும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கும் இது சற்று அதிகம் காணப்படுகிறது.

குடும்பத்தில் ஓடும் நோய்தான். தாய்க்கு சிறுவயதில் இது இருந்திருந்தால் மகனுக்கு ஏறத்தாழ 20 சதவீதமும், மகளுக்கு 7 சதவீதமும் வாய்ப்பு. தந்தைக்கு இருந்திருந்தால் மகனுக்கு 5, மகளுக்கு 2.5. அடுத்த குழந்தை பிறந்தால் முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துவைப்பதில் பயனில்லை, தசை இன்னும் தடித்திருக்காது. இரண்டாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை எடை போடுங்கள். வேகமான வாந்தி ஒரு நாள் தொடர்ந்தால் முதல் குழந்தையின் விவரத்தைச் சொல்லி அன்றே ஸ்கேன் கேளுங்கள்.